ஒற்றை நட்சத்திரப் பள்ளம்

"நல்ல வேளை, விண்கல்லு கடை மேல விழாம கொஞ்சம் தள்ளி விழுந்துச்சு" என்று யாராவது சொன்னால் வெர்லீன் ஸ்ட்ராட்லிங் சிரிக்கமாட்டாள். ஒரு நாளைக்கு நாலு பேராவது அதைச் சொல்வார்கள். டிக்கெட் வாங்கும்போது சொல்வார்கள், விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள், கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து ஈரக் கையை உதறிக்கொண்டே சொல்வார்கள். சொல்லிவிட்டு, உலகத்திலேயே தனக்குத்தான் அது முதலில் தோன்றியது என்கிற முகத்தோடு அவளைப் பார்ப்பார்கள்.

வெர்லீன் தொண்டையைச் செருமிக்கொள்வாள். "கல்லு விழுந்து இருபதாயிரம் வருஷம் ஆச்சு. இந்தக் கடை கட்டினது எழுபத்து நாலுல" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அரிசோனாவின் வடக்கே, வின்ஸ்லோவிலிருந்து கிழக்கே போகிற நெடுஞ்சாலையை விட்டு விலகி மூன்று மைல் மண் பாதையில் வந்தால் அந்தப் பள்ளம். குறுக்கே ஆயிரத்து இருநூறு அடி, ஆழம் இருநூறு அடி. தனியாகப் பார்த்தால் நல்ல பள்ளம்தான். ஆனால் மேற்கே கொஞ்ச தூரத்தில் உலகம் பூராவும் பேர் வாங்கிய பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள், கல்யாண விருந்து சாப்பிட்ட கையோடு பக்கத்து வீட்டில் உப்புமா சாப்பிட உட்கார்ந்தவர்கள் போல இருப்பார்கள். வெர்லீன் அவர்களை விளிம்பைச் சுற்றி அரை மைல் நடத்திச் சென்று, கல் எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த வேகத்தில் வந்தது, பாறை அடுக்கு எப்படித் தலைகீழாகப் புரண்டது என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அறுபத்து மூன்று வயதிலும் அவள் குரல் காற்றை மீறிக் கேட்கும். கேட்கிறவர்கள்தான் பாதியில் காருக்குத் திரும்பிவிடுவார்கள்.

கடையில் அவளுக்குத் துணை லவினா சோசி. நவஹோ பழங்குடிப் பெண், வடக்கே டில்கான் பக்கத்து ஊர்க்காரி. பதினைந்து வருடமாக டிக்கெட் கிழிப்பதும், தபால் அட்டை விற்பதும், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கேலி பேசுவதும் அவள் வேலை. மூன்றாவதற்கு மட்டும் சம்பளம் கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த வருடம் ஏப்ரலில் அடித்த மணல் காற்று, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த பலகையைப் பிய்த்துப் போட்டது. 'இயற்கையின் மாபெரும் விண்கல் பள்ளம்' என்று வெர்லீனின் அப்பா ஆர்வில் எழுதி வைத்த பலகை. நாலு துண்டாக அடித்திருந்ததில் மூன்று பறந்துபோய்விட, கடைசித் துண்டு மட்டும் நின்றது. அதில் 'பள்ளம்' என்று மட்டும் இருந்தது. கீழே ஒரு அம்புக்குறி.

அந்த வாரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வண்டிகள் வந்தன.

"பாத்தீங்களா முதலாளியம்மா" என்றாள் லவினா. "மாபெரும், இயற்கை எல்லாம் போனதும் ஜனம் வருது."

"ரோட்டுல பள்ளம்னு நெனச்சு பிரேக் போட்டிருப்பாங்க."

"போட்டாங்கல்ல? நின்ன வண்டிதான் திரும்பும். ஓடுற வண்டி எங்க திரும்பப் போகுது?"

புதுப் பலகைக்கு என்ன எழுதுவது என்று வெர்லீன் ஒரு காகிதத்தில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். 'வானுலக விந்தை' வரைக்கும் வந்திருந்தாள்.

மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், ஆளில்லாத நேரத்தில், லவினா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நம்மளப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்கார். நட்சத்திரம் ஒண்ணு."

"அஞ்சுக்கா?"

"அஞ்சுக்குத்தான். 'வெறும் ஒரு பள்ளம்.' அவ்வளவுதான் தெரியுது. ஒஹாயோக்காரராம்."

வெர்லீன் எழுந்து வெளியே போனாள். துடைப்பத்தை எடுத்து விளிம்புப் பாதையைப் பெருக்க ஆரம்பித்தாள். பாலைவனத்தில் பாதையைப் பெருக்குவதில் அர்த்தமே இல்லை. பெருக்கிய இடத்தைக் காற்று பின்னாலேயே வந்து மூடிவிடும். இருந்தும் அவள் கோடிவரை பெருக்கினாள். இருபதாயிரம் வருஷம், மணிக்கு முப்பதாயிரம் மைல் வேகம், அத்தனையும் எடுத்துச் சொன்ன பிறகும் வெறும் ஒரு பள்ளம். அந்த ஆளுக்கு என்னதான் வேண்டும்? பள்ளம் எழுந்து நின்று பாட வேண்டுமா?

மறுநாள் லவினா மெதுவாக, "அவர் சொன்னதையே பலகைல போட்டா என்ன?" என்று கேட்டாள்.

"நீ வேலையப் பாரு."

ஆனால் மூன்று வாரம் கழித்து வின்ஸ்லோவில், பலகை எழுதுகிற ரூடி அர்மிஹோவின் கொட்டகையில், கையில் 'வானுலக விந்தை' காகிதத்தோடு நின்றபோது வெர்லீனுக்கு அதை நீட்ட மனசு வரவில்லை. மூன்று வாரமாக மென்றுகொண்டிருந்த வாக்கியம்தான் வாயில் வந்தது.

"'வெறும் ஒரு பள்ளம்'னு எழுது. கீழ 'ஒஹாயோவிலிருந்து வந்த ஒருவர்'னு போடு."

ரூடி தூரிகையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "மேற்கோள் குறி போடணுமா?"

"பெருசா போடு. யார் சொன்னதுன்னு தெரியட்டும்."

அதைப் படிக்கிறவர்கள் தன் பக்கம் நின்று அந்த ஒஹாயோக்காரன் மேல் கோபப்படுவார்கள் என்று அவள் உண்மையிலேயே நம்பினாள். அவர்கள் சிரித்தார்கள். பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்த பிறகு, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, அதையும் பார்த்துவிட்டே போவோம் என்று உள்ளே வந்தார்கள். "ஒஹாயோக்காரர் சொன்னது சரியான்னு பாக்க வந்தோம்" என்று டிக்கெட் ஜன்னலில் சிரித்தார்கள்.

வெர்லீன் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் அதிசயத்தைப் பார்க்க வந்தவர்கள் விளிம்புக்கு வந்ததும் "ஓ, இதுதானா?" என்பார்கள். இப்போது வெறும் பள்ளத்தைப் பார்க்க வந்தவர்கள், அதே விளிம்பில், பேச்சு நின்றுபோய் நின்றார்கள். டெக்ஸஸிலிருந்து வந்த ஒரு பெண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளுக்குக் கண்ணு தெரியாதா? இதப் போயி வெறும் பள்ளம்னு சொல்லியிருக்கான்" என்று வெர்லீனிடமே கோபப்பட்டாள். கோடை முழுக்க முன்பின் தெரியாதவர்கள் அவளுக்காக ஒஹாயோக்காரனோடு சண்டை போட்டார்கள். யாரும் பாதியில் காருக்குத் திரும்பவில்லை. வெர்லீனுக்கு அது பிடித்திருந்தது. லவினாவிடம் சொல்லவில்லை. லவினாவுக்குத் தெரியாமலும் இல்லை.

அந்தத் தைரியத்தில் லவினா சின்னச் சின்னப் பலகைகளைத் தானே எழுதி நட ஆரம்பித்தாள். 'பள்ளத்துக்கு டிக்கெட் உண்டு. கழிப்பறை இலவசம். மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டாம்.' வெர்லீன் அதை மட்டும் பிடுங்கிப் போட்டாள். மற்றவற்றைக் கண்டும் காணாதவள் போல இருந்தாள்.

அக்டோபரில், வெயில் தணிந்து காலையில் ஸ்வெட்டர் தேவைப்படத் தொடங்கிய ஒரு நாள், ஒஹாயோ எண் பலகை போட்ட சிவப்பு வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவருக்கு எழுபது வயதிருக்கும். நெட்டையான ஆள், தோள் மட்டும் முன்னால் கூன் போட்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"உங்க பலகைல இருக்கிற ஒஹாயோக்காரன் நான்தான்."

தபால் அட்டை அடுக்குக்குப் பின்னால் லவினா குனிந்து மறைந்துகொண்டாள். வெர்லீன் டிக்கெட் சுருளை இறுகப் பிடித்தாள். வக்கீல், நோட்டீஸ், கோர்ட் என்று மனசு வரிசையாக ஓடியது.

"சொன்னது நீங்கதானே" என்றாள். "நாங்க ஒரு எழுத்தக்கூட மாத்தல."

"மாத்தல. பாதிய முழுங்கிட்டீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தடித்த விரலால் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை சரியாக அழுத்தி அவளிடம் நீட்டினார். 'வெறும் ஒரு பள்ளம்' என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னதாக 'மேலும்' என்று இருந்தது. அவர் அதைத் தொட்டதும் எழுத்துக்கள் கீழே விரிந்தன. வெர்லீன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'வெறும் ஒரு பள்ளம். நாற்பத்தோரு வருடமாகப் பள்ளம் தோண்டித்தான் பிழைத்தேன். கிணறு, அஸ்திவாரம், சாக்கடை எல்லாம் தோண்டியிருக்கிறேன். நான் தோண்டிய எதையும் யாரும் டிக்கெட் வாங்கி எட்டிப் பார்த்ததில்லை. இதைத் தோண்ட எவ்வளவு நேரம் ஆனது என்று சுற்றிக் காட்டிய அம்மாவைக் கேட்டேன். பத்து விநாடி என்றார். அதையும் ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவசியம் போய்ப் பாருங்கள். வெண்டல் கிராட்ஸ்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஐந்து மாதமாக இந்த மனுஷனை எத்தனை விதமாகத் திட்டியிருப்பாள் என்று நினைத்ததும் காது சுட்டது.

"இவ்வளவு எழுதிட்டு ஏன் ஒத்த நட்சத்திரம் போட்டீங்க?"

வெண்டல் கிராட்ஸ் அவளை நேராகப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இங்க விழுந்தது ஒண்ணுதானே?"

தபால் அட்டை அடுக்கு குலுங்கியது. வெர்லீன் முதலில் இருமினாள். அப்புறம்தான் அது இருமல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"பலகையை மாத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டாள், மூச்சு வந்த பிறகு.

"ஐயோ, வேண்டாம். எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் படத்தக் காட்டியாச்சு. ஆல்புகர்க்கில தங்கச்சி வீட்டுக்கு வந்தேன், அங்கேருந்து இதுக்குன்னே ஓட்டிக்கிட்டு வந்தேன். எனக்கு வேற ஒண்ணு வேணும்." அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "கீழ, நடுவுல, சதுரமா கறுப்பா ஒண்ணு தெரியுது. நீங்க அன்னைக்கி எல்லாம் சொன்னீங்க, அதப் பத்தி மட்டும் சொல்லல. அது மேலேருந்து விழுந்தது இல்ல. மனுஷன் தோண்டினது. அதப் பாக்கணும்."

சிரிப்பு அடங்கியது. "கீழ யாரையும் விடறதில்ல" என்றாள் வெர்லீன்.

"சரிம்மா" என்றார் அவர். வற்புறுத்தவில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, விளிம்புக்குப் போய்க் கம்பியில் கையூன்றி நின்றுகொண்டார்.

அது ஆர்வில் ஸ்ட்ராட்லிங் தோண்டிய குழி. பள்ளத்துக்கு அடியில் மாதா கோவில் அளவுக்கு இரும்பு புதைந்து கிடக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் பதினோரு வருடம் தோண்டினார். வாளியும் கடப்பாறையும்தான். பிறகு ஒரு பேராசிரியர் வந்து, கல் மோதிய வேகத்தில் இரும்பெல்லாம் பொடிப்பொடியாகச் சிதறிவிட்டது, கீழே ஒன்றும் இல்லை என்று சொன்னார். ஊரே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் வெர்லீன் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால், "உங்கப்பா பூமிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டாரா?" என்று எதிர்ப் பெஞ்சில் ஆரம்பித்துவிடுவார்கள். ஆர்வில் குழியின் மேல் கம்பி வலையைப் போட்டு மூடிவிட்டு, விளிம்பில் கடையைக் கட்டினார். அவர் காலமான பிறகு, முப்பது வருடமாக, வெர்லீன் கீழே இறங்கியதே இல்லை. பள்ளத்தைப் பற்றி யார் வேடிக்கையாகப் பேசினாலும் அவளுக்கு அந்தச் சாப்பாட்டுத் தட்டுதான் ஞாபகம் வரும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மனிதர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"காலைல எட்டு மணிக்கு வாங்க" என்றாள் வெர்லீன், பக்கத்தில் போய். "நல்ல பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க."

மறுநாள் லவினா அவர்களுக்கு ஆட்டுக்கறியும் சுட்ட பச்சை மிளகாயும் வைத்துச் சுருட்டிய ரொட்டிகளைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். "ரெண்டு பேர் வயசையும் கூட்டினா நூத்தி முப்பத்து மூணு" என்றாள். "நான் மேல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். விழுந்தா சொல்லுங்க."

பழைய கோவேறு கழுதைப் பாதை பாதி சரிந்திருந்தது. வெர்லீனின் இடது முழங்கால் ஒவ்வொரு திருப்பத்திலும் புகார் சொன்னது. வெண்டல் முன்னால் போய், கல்லை மிதித்துப் பார்த்து, "இது நிக்கும், வாங்க", "இது வேண்டாம், இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நாற்பது நிமிடம் ஆனது. அடியில் காற்றே இல்லை. பிறந்ததிலிருந்து காற்றோடு வாழ்ந்தவளுக்கு அந்த அமைதியில் காது அடைத்தது போல இருந்தது.

குழிக்குப் பக்கத்தில் வந்ததும் வெண்டல் வலையின் ஒரு மூலையைத் தூக்கி, தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெர்லீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் என்ன சொன்னாலும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"எவ்வளவு ஆழம்?"

"தொண்ணூத்து மூணு அடி."

"ஒத்த ஆளாவா?"

"அம்மா மேல நின்னு உருளைய சுத்துவாங்க. மண்ண ஏத்தறது அவங்க வேலை."

"ரெண்டு ஆளு." அவர் டார்ச்சை மெதுவாக நகர்த்தினார். "இங்க வந்து படுங்க. இந்தச் சுவத்தப் பாருங்க. நாலு மூலையும் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா எறங்குது. தொண்ணூறு அடிக்கு ஒரு அங்குலம் சாயல. எங்கிட்ட மிஷின் இருந்துச்சு, எட்டு ஆளு இருந்தாங்க, நான் சாய விட்டிருக்கேன்."

வெர்லீன் சிரமப்பட்டுக் குனிந்து அவர் பக்கத்தில் படுத்தாள். சின்ன வயதில் இந்தக் குழியை நூறு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்ததெல்லாம் அடியில் இருந்த இருட்டைத்தான். இப்போது டார்ச் வெளிச்சம் சுவரோடு இறங்கியது. ஜூனிபர் மரச் சட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, மூலைக்கு மூலை கவ்விக்கொண்டு நின்றன. ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ஒரு எண். ஒன்றுகூட பிசகவில்லை.

"ஒண்ணும் கெடைக்கல" என்றாள். "பதினோரு வருஷம். தூசிதான்."

"நான் தோண்டினதுல மூணுல ஒண்ணு வறண்ட கெணறு" என்றார் வெண்டல். "தண்ணி வரலங்கறதுக்காகக் கெணறு கோணலாயிடுமா என்ன?"

தூசி கண்ணில் பட்டது என்று வெர்லீன் சொல்லிக்கொள்ளலாம், அவர் கேட்கவுமில்லை. தலை கீழே தொங்க, முழங்கை கல்லில் உறுத்த, அவள் அந்த எண்களை மேலிருந்து வாசித்துக்கொண்டே போனாள். இருபத்தேழுக்கு மேல் வெளிச்சம் போதவில்லை.

எழுந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தபோது, மேலே விளிம்பில் வண்ண வண்ணச் சட்டைகள் தெரிந்தன. அன்றைய முதல் கூட்டம். லவினாவின் ஒலிபெருக்கிக் குரல் பள்ளம் முழுக்கச் சுற்றி வந்தது.

"கீழ ரெண்டு புள்ளி தெரியுது பாருங்க. பள்ளம் எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குப் புரியணும்னு நாங்களே நிறுத்தி வச்சிருக்கோம். காலைல எறக்கி விட்டு சாயங்காலம் எடுத்துருவோம்."

சிரிப்புச் சத்தம் கொஞ்சம் தாமதமாக இறங்கி வந்தது. வெண்டல் ஒரு புள்ளியாக எழுந்து நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டினார். வெர்லீன் வாயில் இருந்ததை விழுங்கினாள். கையிரண்டையும் வாயருகே குவித்து, காற்றை மீறிப் பழகிய குரலில் கத்தினாள்.

"எங்களுக்குத் தீனி போட வேண்டாம்னு சொல்லு."

மேலே ஒரு கணம் சத்தமே இல்லை. ஒலிபெருக்கியும் பேசவில்லை. பதினைந்து வருடத்தில் லவினாவுக்கு அடுத்த வார்த்தை வராமல் போனது அன்றைக்குத்தான். பிறகு விளிம்பு முழுக்கச் சிரித்தது.

ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. வெண்டல் முகம் கழுவிக்கொண்டு, இரண்டு காபி குடித்தார். ஆல்புகர்க்கில் தங்கை சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள், அவளுக்குக் கோபம் வந்தால் தாங்க முடியாது என்றார். கை குலுக்கும்போது, "உங்கப்பா பேரு என்ன?" என்று கேட்டார். வெர்லீன் சொன்னாள். அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், கூட வேலை செய்த ஒருவரின் பெயரை நினைவு வைத்துக்கொள்வது போல. சிவப்பு வண்டி மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

மத்தியானம் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். "நீங்க உக்காருங்க முதலாளியம்மா, இன்னைக்கி உங்கள எறக்கி ஏத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு லவினாவே அவர்களை அழைத்துப் போனாள். வெர்லீன் கடைக்குப் பின்னறையில் நாற்காலியில் சாய்ந்து, வெந்நீரில் உப்புப் போட்டு இடது காலை ஊறவைத்தாள். முழங்கால் பெரிதாக வீங்கியிருந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தாள்.

திறந்த ஜன்னல் வழியே லவினாவின் குரல் வந்தது.

"நடுவுல சதுரமா தெரியுதே, அது வானத்துலேருந்து வந்தது இல்ல. அத ஆர்வில் ஸ்ட்ராட்லிங்னு ஒருத்தரும் அவர் சம்சாரமும் கையால தோண்டினாங்க. நூத்தம்பது அடி."

"தொண்ணூத்து மூணு" என்று வெர்லீன் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"தொண்ணூத்து மூணு" என்று லவினா திருத்திக்கொண்டாள். "ஆனா நேரா."

வெர்லீன் இன்னொரு காலையும் தண்ணீருக்குள் வைத்தாள்.